போட் மெயில்: ஏற்றிச் சென்ற ரயிலும் இறக்கிவிட்ட ரயிலும்

(டாலிகஞ்ச் கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரயிலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது சில இளைஞர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் காரணமும் உண்டு. இந்தத் தீவுகளில் ரயிலே கிடையாது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நமது போர்ட் பிளேயரிலிருந்து திக்லிப்பூர் வரை பாதை போடுவதாக 2017இல் பேச்சு எழுந்தது. பேச்சுதான் வந்தது, தண்டவாளம் வரவில்லை. டாலிகஞ்சில் பிறந்த பிள்ளைகளில் பலர் மெயின்லேண்டுக்குப் போய்த்தான் முதன்முதலாக ரயிலைக் கண்ணால் பார்த்தார்கள். நமக்குப் பழகிய நெடும்பயணம் கப்பல்தான். ஹடோ துறையில் ஏறி, பங்க் வகுப்பில் மூன்று நாள் புரண்டு கிடந்து, சென்னையில் இறங்குவது.

ஆயினும் ரயில் இல்லாத இந்த மண்ணில் வாழும் எத்தனையோ குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு ரயில்தான். 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர்கள், அவர்களில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அத்தீவை விட்டு வெளியேறியவர்கள், அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் இவர்கள் எல்லோருடைய கதையிலும் அந்த ரயில் உண்டு. அதன் பெயர் போட் மெயில். இரண்டு நாடுகளை ஒரே டிக்கெட்டில் இணைத்த ரயில் அது. அது நமக்கு என்ன செய்தது, இன்று அதன் பெயரால் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர்கள் ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீரில்லாமலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்து மாண்டவர்கள் ஏராளம். பிறகு தூத்துக்குடி வரை ரயிலும் அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலும் வந்தன. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின்மேல் ரயில் ஓடியது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடிப் பாலத்துறையில் இறங்கி, அங்கே நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினால், அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். மதவாச்சி, அனுராதபுரம் வழியாகக் கொழும்பு கோட்டை நிலையம் வரை அதே டிக்கெட்.

ரயிலே கப்பலில் ஏறி அக்கரைக்குப் போனதாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மையல்ல. இந்தியப் பக்கம் மீட்டர் பாதை, இலங்கைப் பக்கம் ஐந்தரை அடி அகலப் பாதை. பெட்டியைத் தூக்கி வைத்தாலும் ஓடாது. கடல்மேட்டின் வழியே பாலம் போட்டு இரு கரையையும் தண்டவாளத்தாலேயே இணைக்கும் திட்டம் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது. அது காகிதத்தோடு நின்றது. ஆகவே பெட்டிகள் அந்தந்தக் கரையிலேயே நின்றன. மனிதர்கள் மட்டும் மூட்டையோடு இறங்கி, மூட்டையோடு ஏறினார்கள்.

இந்த வசதி யாருக்காகச் செய்யப்பட்டது? துரைமாருக்கு முதல் வகுப்பு இருந்தது. வியாபாரிகளும் போய்வந்தார்கள். என்றாலும் இந்தப் பாதையின் பெருஞ்சரக்கு கூலியாட்களே. கங்காணி ஊருக்கு வந்து ஆள் பிடிப்பான். தோட்டத்தின் பெயரும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கையில் கொடுக்கப்படும். அந்தத் தகர டிக்கெட் உள்ளவருக்கு வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் போகும். தோட்டம் அதைத் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏற்றிக்கொள்ளும். போய்ச் சேருமுன்பே கடனாளி! ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மண்டபம் முகாமிலோ, கப்பல் ஏறுமுன் நாள்கணக்கில் அடைத்துவைத்து அம்மைக்கும் காலராவுக்கும் சோதித்தார்கள். பெயரும் ஊரும் சாதியும் தோட்டமும் பதிவேட்டில் எழுதினார்கள்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறோம் என்றால், பின்னாளில் இலங்கையில் நம் மக்களை ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். கள்ளத்தோணியாம்! அரசாங்கத்தின் ரயிலில், அரசாங்கத்தின் முகாமில் பதிவு செய்து, துரைமார் செலவெழுதி அழைத்துப்போன மக்கள் இவர்கள். உலகத்தில் இவ்வளவு கணக்கோடு எல்லை கடந்த ஏழைகள் குறைவு.

அடுத்து வருவதைத் தாய்மார்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். போட் மெயில் இருவழி ரயில். போனவர் திரும்பி வரலாம். அம்மன் கொடைக்கு வந்தார்கள், தாய் இறந்தால் வந்தார்கள், மகளுக்கு முறைமாப்பிள்ளை பார்க்க வந்தார்கள், முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தார்கள். வந்து சில மாதம் இருந்துவிட்டுக் கொழுந்து பறிக்கத் திரும்பினார்கள். மனித வாழ்க்கையில் இதைவிட இயல்பான காரியம் எது? 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தபோது இந்தப் போக்குவரத்தும் சிக்கலாயிற்று. விடுமுறைக்கு ஊர் வந்தவர் திரும்பிப் போக முடியுமா என்ற பயம் பிடித்துக்கொண்டது.

1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் இந்திய-பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் என்று இன்னொன்று வந்தது. மனுப்போட்டுக் குடியுரிமை பெறலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையிலேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் ‘இடைவிடாமல்’ என்பது அறுந்துவிடும். தாய்க்குக் கொள்ளி வைக்க வந்து, நோயில் படுத்து, திரும்பத் தாமதித்தவர் கதி என்ன? அவர் இலங்கைக்காரர் அல்ல. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போடப்பட்டன. குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோருக்கே.

ரயில் ஏறி ஊருக்குப் போனதே குற்றப்பத்திரிகை ஆயிற்று என்பதைத்தான் நாம் நெஞ்சில் வைக்க வேண்டும். துரை லண்டனுக்கு விடுமுறை போய்வந்தால் அது உரிமை. தொழிலாளி ராமநாதபுரம் போய்வந்தால் அவன் ‘தற்காலிக வாசி’. உழைப்பு எல்லை கடக்கலாம், உறவு கடக்கக் கூடாது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு பெரும்புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி நிலையம், துறை, ஊர் எல்லாம் போயின. பாம்பன் பாலத்தை மட்டும் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதை திரும்பப் போடப்படவே இல்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படலாயிற்று.

இரு நாடுகளையும் இணைத்த பழைய ரயில் இப்படி உருமாறி, ஒருவழிப் போக்குவரத்து ஆயிற்று. அட்டன், நாவலப்பிட்டி, கண்டி நிலையங்களிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. மேடைமீது நிற்பவரும் அழுவார், பெட்டிக்குள் இருப்பவரும் அழுவார். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இலங்கைக்கு மனுப்போட்டிருந்தால் மகள் அங்கே, தாய் இங்கே. மேடை நகர்கிறதா ரயில் நகர்கிறதா என்று தெரியாதபடி கண்ணீர் மறைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். போலகாவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் வழியாகத் தலைமன்னார். அங்கே ‘ராமானுஜம்’ கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். தாத்தாவைச் சோதித்துச் சீட்டுக் கொடுத்து அனுப்பிய அதே முகாமில் பேரனைச் சோதித்துச் சீட்டுக் கொடுத்து இறக்கினார்கள்!

‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசாங்கம் பெயர் வைத்தது. அட்டனில் பிறந்து, அங்கேயே பேச்சும் வேலையும் கற்று, பாம்பனை அதற்குமுன் பார்த்தே அறியாதவர் எங்கே திரும்பினார்? ஊரார் வைத்த பெயர் வேறு: ‘சிலோன்காரன்’. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

வந்தவர்களை நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், கேரளத்தின் புனலூருக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்க் காடுகளுக்கும், ஆந்திரத்து நூற்பாலைகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். சிலரை இந்தத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம். கச்சாலுக்கு வந்தவர்கள் இரண்டாம் தடவை கடல் தாண்டினார்கள். அவர்கள் அட்டனிலிருந்து வந்த வழியைக் கணக்கிட்டால் ரயில், கப்பல், ரயில், கப்பல், மறுபடி தீவுக்குத் தீவு கப்பல். திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு எந்த டிக்கெட்டும் எவரும் கொடுக்கவில்லை.

1984 அளவில் ராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பலும் நின்றது. 1983 ஜூலைக் கொலைகளுக்குப் பின் போர் மூண்டது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் கப்பல் இல்லாமல் அங்கேயே தங்கிப்போன குடும்பங்கள் ஆயிரமாயிரம். அவர்கள் பிரச்சினை 1988லும் 2003லும் வந்த இலங்கைச் சட்டங்களால்தான் தீர்ந்தது. 1990இல் தலைமன்னார் ரயிலும் போரில் நின்று, தண்டவாளமே பெயர்ந்துபோயிற்று. இக்கரையில் தங்கச்சி, அக்கரையில் அக்கா. நடுவே 22 மைல். கடிதம் எழுதினார்கள். பிறகு அதுவும் நின்றுவிட்ட வீடுகளே அதிகம்.

தோழர்களே, இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள். 1961 அக்டோபர் 30ஆம் நாள், நமது ஒப்பந்தத்துக்குச் சரியாக மூன்று ஆண்டுக்கு முன் அதே தேதியில், மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் சேர்க்கும் உடன்பாடு செய்தது. 1968இல் யுகோஸ்லாவியாவோடும் செய்தது. இஸ்தான்புலிலிருந்தும் பெல்கிரேடிலிருந்தும் ரயில் ரயிலாகத் தொழிலாளிகள் போய் மூனிக் நிலையத்தின் 11ஆம் மேடையில் இறங்கினார்கள். ‘விருந்தாளித் தொழிலாளர்’ என்று அவர்களுக்குப் பெயர். விருந்தாளி என்றால் எழுந்து போக வேண்டும் என்று பொருள்! அங்கேயும் முதலாளிகள் கேட்டது கைகளை. வந்து சேர்ந்தது மனிதர்கள். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அந்த ரயில்கள் இருபுறமும் ஓடின. கோடை விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டு அதே ரயிலில் ஊர் போனார்கள், திரும்பி வந்தார்கள்.

பிறகு அங்கேயும் இடி விழுந்தது. 1991இல் யுகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டதும் ஒரே நாட்டு ரயில் பாதை பல நாட்டு எல்லைகளால் துண்டாயிற்று. பெல்கிரேடிலிருந்து சரயேவோவுக்கு ரயில் 2009 டிசம்பரில் மீண்டும் விடப்பட்டு, 2012இல் நின்றது. பணமுடையில் சிக்கிய கிரீஸ் 2011இல் வெளிநாட்டு ரயில்கள் எல்லாவற்றையும் நிறுத்தியது. போர் ஓய்ந்தால் ரயில் தானாக வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும். நட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லி, போர் செய்யாததை வரவுசெலவுக் கணக்கு செய்து முடித்துவிடும்.

நமது பக்கம் இன்று நிலைமை என்ன? மதவாச்சி–தலைமன்னார்ப் பாதையை இந்தியக் கடனுதவியில் திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை திறந்தார்கள். பழைய பாம்பன் பாலம் தளர்ந்து 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலுக்கு இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர். போட்தான் இல்லை! இரண்டு கரையிலும் கோடி கோடியாய்ச் செலவிட்டு ரயிலைக் கடலோரம் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நடுவில் உள்ள கொஞ்சத் தண்ணீருக்குக் கப்பல் விடாமல் இருப்பதை என்னவென்று சொல்வது?

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். 2011இல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் விட்டார்கள். சில மாதத்தில் நின்றது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிற்று. சில நாளில் மழைக்காலம் என்று நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தொடங்கியபோது அதன் சாதாரணக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய், ஒருவழிக்கு! நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் போக மட்டும் 30,680 ரூபாய். பின்னர் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் யாரை மனத்தில் வைத்து முதலில் அந்தக் கட்டணத்தை நிர்ணயித்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. தோட்டத்திலே நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணும், இங்கே துறைமுகத்தில் சுமை தூக்கும் ஆளும் அந்தக் கணக்கில் இல்லை.

2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் புதுடில்லியில் கூட்டறிக்கை விட்டபோது, ராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பலைத் விரைவில் தொடங்க முயல்வோம் என்று அதில் சொன்னார்கள். சொன்னதைச் செய்யச் சொல்வதுதான் நமது வேலை. அந்தக் கப்பல் சுற்றுலாக் கப்பலாக வரக்கூடாது. இருபுறமும் ரயில் வரும் நேரத்துக்குப் புறப்பட வேண்டும். பழைய நாளைப்போல் ஒரே டிக்கெட்டில், ரயிலின் சாதாரண வகுப்புக் கட்டணத்தோடு ஒத்த விலையில் இருக்க வேண்டும். அடுத்த கேள்வி கடவுச்சீட்டும் விசாவும். ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் என்று ஆவணத்தில் காட்டக்கூடியவர்களுக்குக் கட்டணமில்லாத உறவினர் விசா வேண்டும். பிரித்தது இரண்டு அரசாங்கங்கள். அதற்கான செலவைப் பிரிக்கப்பட்டவர் தலையில் கட்டுவது நியாயமா?

சாவுக்கும் இதில் இடம் வேண்டும் என்பதை நமது பெண் உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். டாலிகஞ்சிலிருந்து புறப்பட்டு, மூன்று நாள் கப்பல், சென்னையில் விசாவுக்குக் காத்திருப்பு, பிறகு பயணம் என்றால், அக்கரையில் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிடும். ஆகவே நெருங்கிய உறவினர் மறைவுக்கு ராமேஸ்வரத் துறையிலேயே விசா வழங்கும் ஏற்பாடு வேண்டும் என்று மனுவில் தனியாகச் சேர்த்திருக்கிறோம். தீவுவாசி அட்டை உள்ளவர்களுக்கு மெயின்லேண்டுக் கப்பலில் தருகிற சலுகைக் கட்டணம் மக்கள் கேட்டு வாங்கியது. அதைக் காட்டியே இதையும் கேட்கலாம்.

இன்னொன்று. கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, மண்டபம் முகாம் சீட்டு, தோட்டத்துப் பிறப்புப் பதிவு இவற்றைக் கிழிந்துபோனது என்று எவரும் வீசிவிடாதீர்கள். ஆழிப்பேரலையில் கச்சால்காரர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவர்களுக்குப் பிரதி வாங்கிக்கொடுக்க எழுதிப்போடும் வேலையைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் உள்ள வயதானவர்களிடம் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கங்காணி பெயர் என்ன, எந்த நிலையத்தில் கோச்சி ஏறினார்கள், யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனுப்போட்டவர்களில் எத்தனையோ பேரின் மனு எழுத்தில்லாத குற்றத்துக்காகவே தள்ளுபடி ஆயிற்று.

மனு இரண்டு படிகளாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று புதுடில்லி ரயில்வே அமைச்சகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும். மற்றது நமது நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் போக வேண்டியது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். மைப்பெட்டி வாசலருகே மேசையில் இருக்கிறது. கச்சாலிலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் முதலில் வாருங்கள். உங்களுக்குக் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது.